டி.சி. இல்லாமல் எதுவும் வெளியே போகாது

கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இனி ஆறும் என்கிற நம்பிக்கையும் இல்லை. அதனால் இந்த ஆத்திரத்தோடேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த அக்காவின் பேரைப் போட மாட்டேன். போட்டால் அவரே வந்து என்னைக் கேட்பார். "என்ர பேரை எடுத்துக்கறதுக்கு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா அம்முணி?" என்பார். கேட்கக்கூடிய ஆள்தான். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் டி.சி. அக்கா. அதுவே போதும்.

திருப்பூரில் துணி ஒரே இடத்தில் சட்டை ஆவதில்லை. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், தையல் இன்னொரு இடம். ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் சரக்கோடு ஒரு டெலிவரி சலான் போகும். என்ன சரக்கு, யார் கொண்டுபோகிறார், எதற்குப் போகிறது, எங்கே போகிறது எல்லாம் அதில் எழுதி, கையெழுத்து வாங்கி, நகலைக் கிழித்துக் கொடுப்பார்கள். அதுதான் டி.சி. முதலிபாளையத்தில் இருந்த எங்கள் கம்பெனியில் குடோன் வாசலில் உட்கார்ந்து டி.சி. போடுகிற வேலை அக்காவுக்கு. நான் செக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். என் மேஜையிலிருந்து பார்த்தால் அக்காவின் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியும், காதில் செருகிய பால்பாயின்ட் பேனாவும் தெரியும்.

ஒருநாள் முதலாளியின் மருமகன் வந்தார். சிநேகிதன் வீட்டுப் பிறந்தநாளாம். நாலு டீ-சர்ட்டை அள்ளிக்கொண்டு காருக்குப் போனார். அக்கா எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "டி.சி. போட்டர்லாங்களா?" என்றார்.

"நம்ம கம்பெனிதானுங்க்கா."

"ஆமாங்க, உங்க கம்பெனிதானுங்க. அதனாலதானுங்க கேக்கறேன். நாளைக்கு உங்க சரக்கு கொறஞ்சுபோச்சுன்னா நானல்லங்க பதில் சொல்லோணும்?"

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பின்னே என்ன செய்வார்? அந்தக் குரலுக்கு முன்னால் யாராலும் சத்தம் போட முடியாது. எனக்குக் கோபம் வந்தால் மாடிக்கும் கேட்கும். அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், 'ங்க' கூடும். ஒரு பேச்சில் நாலைந்து 'ங்க' வந்துவிட்டால் அன்றைக்கு அக்கா ஒரு இஞ்ச்கூட நகர மாட்டார் என்று அர்த்தம். பழகின எங்களுக்கு அது தெரியும். புதிதாக வருகிறவர்கள், இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பொம்பளை சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்று நினைத்து மாட்டிக்கொள்வார்கள்.

சரக்குக்கு டி.சி. கேட்டால் நல்ல வேலைக்காரி என்று பாராட்டலாம். இந்த அக்கா எல்லாவற்றுக்கும் கேட்பார். அதுதான் சனியன்.

ஆயுத பூஜை அன்று மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து, எல்லோரும் நின்று ஒரு போட்டோ எடுத்தோம். நான் அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். அரை மணி நேரம் ஆகவில்லை, அக்கா என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்முணி, என்ர மூஞ்சிய எங்க அனுப்புனீங்க?"

"ஸ்டேட்டஸ்தானக்கா. நாளைக்குத் தன்னால அழிஞ்சு போயிரும்."

"பாத்தவங்க கண்ணுல இருந்தும் அழிஞ்சு போயிருமுங்களா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! பெரிய சினிமா நடிகை, இவர் போட்டோவுக்கு ஊரே அடித்துக்கொள்கிறது பாருங்கள். "அழிச்சுப்போட்டேன், போதுங்களா?" என்று போனை மேஜையில் வீசினேன். அப்புறம் கொஞ்ச நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அக்கா மட்டும் தினமும் காலையில் "வணக்கமுங்க அம்முணி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆப் வந்தது. வருகைப் பதிவுக்கு இனிமேல் எல்லோரும் சொந்தப் போனில் கம்பெனி ஆப்பை ஏற்ற வேண்டும் என்று எச்.ஆர். சொன்னார். ஏற்றினால் அது ஒவ்வொன்றாகக் கேட்கும். போட்டோவைப் பார்க்கலாமா, நம்பரையெல்லாம் எடுத்துக்கொள்ளலாமா, நீ எங்கே இருக்கிறாய் என்று எப்போதும் பார்த்துக்கொள்ளலாமா. நாங்கள் எல்லோரும் அலவ், அலவ், அலவ் என்று அமுக்கிக்கொண்டே போனோம். பொங்கலுக்கு ரேஷன் கூப்பன் வாங்குகிற மாதிரி ஒரு அவசரம்.

அக்கா அமுக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு எச்.ஆர். முன்னால் நின்றார். "நான் வேலைக்கு வந்தனா வல்லியான்னு தெரிஞ்சுக்கறதுக்கு, என்ர ஒறம்பரை, சொந்தபந்தம் நம்பரெல்லாம் எதுக்குங்க சார்?"

"பாலிசிங்க மேடம்."

"சரிங்க. அப்ப கொண்டுபோறதுக்கு ஒரு டி.சி. போட்டுக் குடுத்துருங்க. என்னென்ன எடுக்கறீங்க, எங்க போவுது, எப்பத் திரும்பி வருமுன்னு."

கட்டிங் டேபிளிலிருந்து பேக்கிங் வரைக்கும் சிரிப்பு. எச்.ஆர்.கூடச் சிரித்தார். ஆனால் டி.சி. வரவில்லை. அந்த மாதம் பூராவும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார், கணக்கில் மட்டும் ஆப்சென்ட். ஆப்சென்ட் ஆனவர் போட்ட டி.சி.யில்தான் கம்பெனிச் சரக்கு அத்தனையும் வெளியே போனது. இதைச் சொன்னால் யாருக்கு உறைக்கும்? சம்பளத்தைப் பிடித்தார்கள். அக்கா பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து அக்காவை மட்டும் அதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"எதுக்குக்கா உனக்கு இந்தப் பிடிவாதம்? நம்மகிட்ட மறைக்க என்ன இருக்குது? ஒரு கோயில் போட்டோவும் நாலு குட்மார்னிங்கும்" என்று நான் கேட்டேன். கோபம் தீர்ந்து பேச ஆரம்பித்திருந்த சமயம்.

அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "என்ர ஊட்டுக்காரரு தெனமும் என்ர போனை வாங்கிப் பாத்துப்போட்டுத்தானுங்க சோத்துல கை வெப்பாரு. அதுல ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் பாப்பாரு. கட்டுன மனுசனே பாக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க நான் தனியா வந்தேன். இவிங்கெல்லாம் ஆருங்க?"

அவர் சொந்தக் கதை என்று நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. எங்கள் கம்பெனிப் பெண்கள்தான் பாதிக்கு மேல், மீதி அக்கம்பக்கத்து யூனிட்டில் வேலை செய்கிறவர்கள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ரோட்டில் பஸ் வராது, ரேஷனில் பருப்பு வந்ததா இல்லையா, இப்படித்தான் அதில் ஓடும். அட்மின் அக்கா. அவர் அட்மின் ஆனதற்குக் காரணம், வேறு யார் கையில் கொடுத்தாலும் மாமியார் சண்டையெல்லாம் அதில் வந்துவிடும் என்பதுதான்.

அந்தச் சமயத்தில்தான் மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்கள். குடித்துவிட்டுத் தவறி விழுந்துவிட்டார்கள் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். போலீசும் அதையே சொன்னது. ஊரும் சரி என்று டீ குடிக்கப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து எங்கள் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. இடுப்பில் கயிறு கட்டி ஒரு ஆளைத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். மூக்கில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. இன்னொருத்தர் ஏற்கனவே உள்ளே இருக்கிறார், அசைவில்லை. மேலே நின்று ஒரு குரல், "எறங்குடா, இன்னும் சித்தெ எறங்கு, அவனப் புடிச்சுத் தூக்கு" என்று கத்துகிறது. வீடியோவை அனுப்பியது அக்கா நம்பர். கீழே ஒரே ஒரு வரி: குடித்துவிட்டு விழுகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டா விழுவார்கள்?

மதியத்துக்குள் அது திருப்பூர் பூராவும் போய்விட்டது.

போலீஸ் வந்தது. கயிற்றைப் பிடித்தது யார், கத்தின குரல் யாருடையது என்று கேட்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பைத்தியக்காரி நான்! ஒருத்தர் கேட்கவில்லை. படம் பிடித்தது யார் என்றுதான் கேட்டார்கள். ஊர் பேரைக் கெடுத்துவிட்டார்களாம். வெளிநாட்டில் பார்த்தால் ஆர்டர் போய்விடுமாம். வடக்கத்தி ஆட்களைத் தூண்டிவிட்டுக் கலவரம் பண்ணப் பார்க்கிறார்களாம். இரண்டு உயிர் போனது கலவரமில்லை, அதைக் காட்டினதுதான் கலவரம்.

படம் பிடித்தது அந்தப் பட்டறைக்குள் வேலை செய்கிற யாரோ என்று பார்த்தவுடனே தெரியும். அந்தப் பேர் வெளியே வந்தால் போலீசுக்கு முந்தி பட்டறைக்காரர்களுடைய ஆட்கள் போய் நிற்பார்கள் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் முழுசாக வீடு வந்து சேர மாட்டார். அக்காவுக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்றைக்குக் கம்பெனியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. குரூப்பில் இருக்கிற எல்லோர் போனையும் வாங்கித் தரச் சொல்லி இன்ஸ்பெக்டர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர், வெட்டின பீஸ் வைக்கிற நீல டிரேயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எது யார் போன் என்று குழம்பக் கூடாதில்லையா? அதனால் பண்டிலுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரைக் கிழித்து, ஒவ்வொரு போன் முதுகிலும் பேரை எழுதி ஒட்டச் சொன்னார். எங்கள் பெண்கள் பேரை மட்டுமா எழுதினார்கள்? தொழில் சுத்தம் பாருங்கள், பண்டிலுக்கு சைஸ் எழுதுகிற இடத்தில் போனைத் திறக்கிற நம்பரையும் எழுதினார்கள். பேட்டர்ன் வைத்திருந்தவர்கள் ஒன்பது புள்ளி வைத்து, கோடு இழுத்து, எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டார்கள்.

கேட்டவர்களே இல்லை! யாரும் நம்பரைக் கேட்கவில்லை. இவர்களாக எழுதினார்கள். "சாருக்குச் சிரமமாகப் போயிருமல்லங்க" என்றார் ஒரு அம்மா. வரிசையில் நின்று, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்கள். "இந்தாங்க சார்", "சார்ஜ் கம்மியா இருக்குதுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க." விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி கொடுத்தார்கள். என் போன் அன்றைக்கு டிஸ்பிளே மாற்றக் கடையில் கிடந்தது. இல்லாவிட்டால் நானும் அந்த வரிசையில்தான் நின்றிருப்பேன், இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. இந்த ஊரில் எங்களுக்கு மரியாதை சொல்லிக் கொடுத்தார்கள். எங்கே நிறுத்துவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியில் அக்கா முறை வந்தது.

"போனைக் குடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தர்றனுங்க சார். எழுதிக் குடுத்துருங்க. என்ன போனு, எதுக்கு எடுக்கறீங்க, ஆரு எடுக்கறீங்கன்னு."

"போலீஸ்கிட்டயே பில் கேக்கறியா?"

"பில்லு இல்லீங்க சார், டி.சி.ங்க. ஒரு பனியன் வெளிய போறதுக்கே போடறமுங்க. இது என்ர போனல்லங்களா?"

ஆப் விஷயத்தில் சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அக்கா கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "நம்பரைச் சொல்லு."

"போனு உங்க கையில இருக்குதுங்க சார். நம்பரு என்ர மண்டைக்குள்ளயல்லங்க இருக்குது. அதுக்கு உங்களால டி.சி. போட முடியாதுங்க. அதனால தர முடியாதுங்க."

எத்தனை 'ங்க' வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேடி கான்ஸ்டபிள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, கட்டை விரலைப் போனில் அழுத்தினார். திறக்கவில்லை. அடுத்த விரல். அதற்கடுத்த விரல். இடது கை. அக்கா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கூடப் பிறந்தவள் மாதிரி இருந்த ஒருத்தியின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து அழுத்திப் பார்த்தார்கள். துணியை உதறிப் பார்ப்பதற்குக்கூட நாங்கள் அதைவிடப் பக்குவமாகக் கை வைப்போம்.

அக்கா விரல் ரேகையே வைத்திருக்கவில்லை. முன்னால் ஒருமுறை எனக்கும் சொல்லியிருந்தார்: "வெரலைப் புடிச்சு வெச்சுத் தொறந்துக்குவாங்க அம்முணி. நெனப்பைப் புடிச்சு வெக்க முடியாதல்லங்க?" நான் அப்போது, "ரொம்ப சினிமா பாக்கறக்கா" என்று கேலி செய்தேன்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வதந்தி பரப்பினது, அமைதியைக் கெடுத்தது என்று என்னென்னவோ செக்‌ஷன். கோயமுத்தூர் ஜெயிலில் வைத்தார்கள். கம்பெனி அன்று சாயங்காலமே கணக்கை முடித்துவிட்டது. அக்கா வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா சாமானை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். குரூப்பிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள்.

வாங்கின போன்களை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். வீடியோவையா தேடினார்கள்? வீடியோதான் அக்கா நம்பரிலிருந்து வந்தது என்று எல்லாப் போனிலும் இருக்கிறதே. மீதியைப் பார்த்தார்கள். எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒன்று இருந்தது. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள்கள் அந்தப் பேச்சைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்களாம். ஒரு நல்லவர், நல்லவர்தான், அக்கறையோடு அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அப்பா வந்து மூட்டை கட்டச் சொன்னார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, எம்போன்ல ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுத்தான குடுத்தேன்? எங்கய்யா தையில கல்யாணம்னு சொல்லுதாவ. நான் என்னக்கா செஞ்சேன்?" என்று கேட்டது. வீடியோவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போனைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அதைப் பார்த்த பிறகும் ஊர் வாய் மூடவில்லை. "ஒண்ணும் இல்லீன்னா போனைத் தொறந்து காட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான? நெருப்பில்லாமப் பொகையுமா?" இதே பேச்சு டீக்கடையில், ரேஷன் வரிசையில், என் வீட்டு வாசலில். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் இதையே சொன்னபோது, "உங்க போனைக் குடுங்க, உங்க சம்சாரத்துக்கிட்டக் காட்டிப்போட்டுத் தர்றேன்" என்றேன். அவர் அப்புறம் என்னோடு பேசுவதில்லை. நிம்மதி.

ஜெயிலில் போய்ப் பார்த்தேன். அக்கா இளைத்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்புட்டீங்களா அம்முணி?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, நம்பரைச் சொல்லித் தொலைக்கா. வேலை போச்சு, ஊடு போச்சு. இன்னும் என்ன போவோணும்? லேப்புக்கு அனுப்பியிருக்கறாங்களாம். எப்படியும் தொறந்துருவாங்களாம்."

"தொறக்கட்டுமுங்க. அது அவிங்க வேலை" என்றார். "எனக்கு ஒரு தேங்காயெண்ணெய் பாட்டல் மட்டும் வாங்கிக் குடுத்துட்டுப் போங்க, தலை காய்ஞ்சு கெடக்குது."

ஜாமீனில் வந்த பிறகு அக்காவுக்குத் திருப்பூரில் எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. பேரைச் சொன்னாலே கேட்டை மூடினார்கள். அமராவதி நகர்ப் பக்கம் சொந்தக்காரர் ஒருத்தர் இருந்தார். அங்கே போய்க் களை வெட்டுகிற காட்டு வேலைக்குப் போனார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறித் திருப்பூர் கோர்ட்டுக்கு வருவார். நான் லீவு போட்டுவிட்டுப் போய் நிற்பேன். கூப்பிடுவார்கள், தள்ளி வைப்பார்கள், வீட்டுக்குப் போவோம். லேப் ரிப்போர்ட் வரவில்லை, வரவில்லை என்றே வருசம் ஓடியது.

ஒருவழியாக வந்தது. அன்றைக்கு வக்கீல் கோர்ட் வராண்டாவில் எங்களிடம் வந்து சொன்னார். போனைத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஒன்றுமில்லை. அக்கா குரூப்புக்குப் போட்ட அந்த வீடியோ இருக்கிறது, அது ஏற்கனவே ஊருக்கே தெரியும். யார் அனுப்பினார்கள் என்பதற்கு ஒரு மெசேஜ் இல்லை, ஒரு கால் இல்லை, அழித்த தடம்கூட இல்லை. அந்தப் போனுக்கு யாரும் அதை அனுப்பவே இல்லை. கேஸ் நிற்காது என்றார்.

அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரில் இருந்த பேக்கரிக்குப் போனேன். டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

"அப்ப வீடியோ எப்படிக்கா உன்கிட்ட வந்துச்சு?"

"மெமரி கார்டுல கொண்டாந்து குடுத்தாங்க. ஏத்திக்கிட்டு கார்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"அப்ப உன்ர போனுல அவிங்க தேடுனது இல்லவே இல்ல. அது உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுக்கிட்டா?" பேக்கரியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். "தெரிஞ்சுக்கிட்டா ஜெயிலுக்குப் போன? தெரிஞ்சுக்கிட்டா காட்டு வேலைக்குப் போற? அன்னிக்கே அந்த நம்பரைச் சொல்லியிருந்தா, தொறந்து பாத்துட்டுத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பானுகளேக்கா! லூசாக்கா நீ?"

நான் அக்காவை அப்படிப் பேசியதே இல்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்ப இறங்கின குரலில் சொன்னார்.

"பாத்துட்டு அப்படியே ஊட்டுக்கா போயிருப்பாங்க அம்முணி? இதுல இல்லீன்னு தெரிஞ்சா, அடுத்து அந்தப் பட்டறையிலதானுங்க ஒரு டிரேயைக் கொண்டுபோய் வெச்சிருப்பாங்க. அங்கிருக்கறவங்களும் நம்மாட்டவே வரிசையில நின்னு குடுத்திருப்பாங்க. படம் புடிச்ச போனும் அதுல வந்திருக்குமுங்க. நான் தர மாட்டேன், தர மாட்டேன்னு நின்னதுனாலதானுங்க, பேரு இதுக்குள்ளதான் இருக்குதுன்னு இதையே கட்டிக்கிட்டு அழுதாங்க."

"அந்த ஆளு?"

"பத்திரமா சொந்த ஊரு போய்ச் சேந்தாச்சுங்க. நான் ஜெயில்ல இருந்தப்பவே."

ஆணா, பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா ஒரு வாய் டீ குடித்தார்.

"ஒண்ணும் இல்லாதவங்க அத்தனை பேரும் தொறந்து காட்டிப்போட்டா, காட்டாம நிக்கறது ஆருன்னு பாத்தாப் போதுமல்லங்க, ஆளைப் புடிச்சுக்கலாம். ஒண்ணுமில்லாத நாமளும் பூட்டி வெச்சாத்தானுங்க, இருக்கறவங்க உசுரு தப்பும்."

அமராவதி நகர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பேக்கரிக்காரர் வந்து, கேஸ் தோத்துப்போச்சுங்களா என்று கேட்டார். ஜெயிச்சாச்சுங்க என்று சொன்னேன்.